அடி தட்டிப் பார்க்காதவர்கள்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். வாய் "சூப்பர்" என்று சொல்லும். கை சட்டைப்பைக்குள்ளேயே படுத்துக்கிடக்கும். முன்பெல்லாம் சரக்கு பிடிக்கவில்லை என்றால் "இது உருப்படாதுய்யா" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் ஒரு மரியாதை இருந்தது.

பிளாஸ்டிக் சாமான் கடைப் பெரியவர் ஒரு மாதமாக இதையே புலம்பிக்கொண்டிருந்தார். காரணம் மாப்பிள்ளை. நேரில் "வாங்க மாப்ள", மனசுக்குள் "வந்துட்டான்யா". அந்த மாப்பிள்ளை கண்டுபிடித்தது சக்கரம் வைத்த வாளி. தண்ணீர் நிரப்பினால் தூக்க வேண்டாம், கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகலாம். இதற்காகப் பார்க்கிற வேலையை விடப்போகிறானாம். கடைக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில் மெஷின் போடப்போகிறானாம். கிடங்கு போனால் கடைக்குக் கால் போன மாதிரி. சரக்கை எங்கே அடுக்குவது, தலையிலா?

"சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் காட்டிட்டேன் மாமா. ஒருத்தர்கூட குறை சொல்லல."

"சொந்தக்காரன் சொல்வானா மாப்ள? நீங்க ஓட்டை வாளியைக் காட்டினாலும் காத்தோட்டமா இருக்குன்னுதான் சொல்வான்."

மகள்தான் நடுவில் புகுந்தாள். "ஏம்ப்பா சண்டை? கடையிலயே வெச்சுப் பாருங்க. வெச்சதுல பாதி ஒரு வாரத்துல வித்தா நீங்க கிடங்கை இவருக்கு விட்டுடணும். விக்கலன்னா இவரு வேலையை விட மாட்டாரு."

விற்காது என்ற தைரியத்தில் பெரியவர் தலையாட்டினார். வைக்கவும் செய்தார், துடைப்பக் கட்டுகளுக்குப் பின்னால்.

ஆனால் விற்றது. இஸ்திரி மடிப்புக் கலையாத பிள்ளைகளும் பெண்களும் நேரே வந்து "சக்கர வாளி" என்று பெயர் சொல்லிக் கேட்டு, காசைக் கொடுத்து, எடுத்துக்கொண்டு போனார்கள். பெரியவருக்கு வயிறு பற்றி எரிந்தது. அப்புறம்தான் ஒன்று உறைத்தது. வாளி வாங்க வருகிறவர்கள் முதலில் அதைக் கவிழ்ப்பார்கள். விரல் முட்டியால் அடியைத் தட்டுவார்கள். வெளிச்சத்தில் தூக்கி ஓட்டை தேடுவார்கள். கடைசியில், "எதிர்க் கடையில இதைவிடக் கம்மி" என்று ஒரு பொய்யாவது சொல்வார்கள். இவர்களோ அடுத்தவன் பிள்ளையைக் கையில் வாங்கினவர்கள்போல விறைப்பாக நின்றார்கள்.

அடுத்து வந்தவனை மடக்கினார். "ஏன் தம்பி, எவ்வளவு தண்ணி பிடிக்கும்னுகூட கேக்கலையே?"

"அது... ஆபீஸ்ல அக்கா சொல்லிட்டாங்க."

"எந்த அக்கா?"

பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடினான். வாளி பின்னாலேயே கடகடவென்று உருண்டது.

சாயங்காலம் மகளையும் மாப்பிள்ளையையும் கடைக்கு வரச்சொன்னார்.

"பெத்த அப்பன் கடைக்கே ஆள் செட் பண்ணுவியா நீ?"

"நீங்க மட்டும் யோக்கியமா? துடைப்பத்துக்குப் பின்னால ஒளிச்சு வெச்சது யாரு?"

மாப்பிள்ளையின் முகம் செத்துவிட்டது. அவனுக்குத் தெரியாது. "நீயா அனுப்பின? வந்தது பூரா உன் ஆபீஸ் ஆளுங்களா?"

"உங்களுக்காகத்தாங்க..."

"பாத்துக்குங்க மாப்ள," என்றார் பெரியவர், புண்ணில் மிளகாய் தேய்க்கிற குரலில். "கட்டினவளுக்கே உங்க சரக்கு மேல நம்பிக்கை இல்ல. ஊருக்கு எங்கேருந்து வரும்?"

அந்த நேரம் பார்த்து ஒரு பெண்மணி உள்ளே வந்தாள். ஏதோ ஆபீஸில் தரை துடைக்கிறவள், தோளில் ஈரத்துணி. துடைப்பம் ஒன்றை உருவினவள் பின்னால் இருந்த வாளியைப் பார்த்தாள். எடுத்தாள். கவிழ்த்தாள். முட்டியால் தட்டினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"என்ன வெலைண்ணே?"

பெரியவர் சொன்னார்.

"அடேயப்பா! சக்கரம் என்ன தங்கமா? வாளி எங்கிட்டயே கிடக்கு. இந்தச் சக்கரம் வெச்ச அடித்தட்டை மட்டும் கழட்டிக் குடுங்க."

"அதெல்லாம் தனியா கிடையாது."

"கழட்டலாம் மாமா." மாப்பிள்ளை ஏற்கெனவே மண்டியிட்டுத் திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தான். அவள் பேரம் பேசினாள். பெரியவர் முடியாது என்றார், மாப்பிள்ளை சரி என்றான். தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் போனாள்.

"மாமா, வாளியே வேணாம்! எந்த வாளிக்கும் பொருந்தற மாதிரி தட்டு மட்டும் பண்ணினா..."

"ஒரு தூத்தல் விழுந்ததுக்கே வயல உழக் கிளம்பிட்டீங்களா?"

"அப்பா, இவளை நான் அனுப்பலப்பா. சத்தியமா."

"உன் சத்தியத்தையும் கவுத்துத் தட்டித்தான் பாக்கணும்."

கிடங்குச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். கடையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று படி இறங்கினார்.

தெருமுனையில் அந்தப் பெண்மணி தட்டின்மேல் மளிகைப் பையை வைத்து, தோளில் கிடந்த துணியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனாள். பெரியவர் கொஞ்சம் நின்று பார்த்தார். ஒரு சக்கரம் கீச்சிட்டது.

"நாலு நாள் தாங்காது," என்று சொல்லிவிட்டு, எதிர்ப் பக்கமாக நடையைக் கட்டினார்.