விடுமுறைக்கு வந்த எறும்புகள்

ஜனவரி பிறந்துவிட்டால் மொன்தேவிதேயோவில் மனிதர்களைப் பார்ப்பதே அபூர்வம். அங்கே ஜனவரிதான் உச்சக் கோடை; ஊரே கடற்கரைப் பக்கம் ஒதுங்கிவிடும். அந்தக் கோடையில் பூச்சி ஆய்வுக்கூடத்தில் மிஞ்சியது ஒரு பெட்டி எறும்புகளும், அவற்றுக்குத் தீனி போட ஆராய்ச்சி மாணவி மைதேயும்தான்.

மைதேயின் ஆராய்ச்சி இலைவெட்டி எறும்புகளைப் பற்றியது. பல செடிகளின் இலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதை முதலில் வெட்டிச் சுமந்து போகின்றன என்று பார்க்க வேண்டும். வெளியே இதே எறும்புகள் தோட்டம் தோட்டமாக மொட்டையடித்து எல்லோரிடமும் சாபம் வாங்கிக்கொண்டிருந்தன. மைதேயிடம் வளர்ந்தவை மட்டும் இலையை முகர்ந்து பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

காலையில் இலை வைப்பாள். மதியம் போய்ப் பார்ப்பாள். இலை வைத்தது வைத்தபடி இருக்கும். சாயங்காலம் சுடுதண்ணீர் ஃபிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடலோரச் சுவரில் உட்கார்ந்து மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சுவாள். அந்த நேரம் பார்த்துத்தான் பேராசிரியர் இருரேதாவிடமிருந்து செய்தி வரும். மணலில் நீட்டிய தன் கால்களைப் படமெடுத்து அனுப்பி, கீழே எழுதியிருப்பார்: "ஓய்வு ரொம்ப முக்கியம் மைதே. ஏதாவது முடிவு வந்துச்சா?"

ஒரு வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத்து ஏசி நின்றுபோனது. பழுது பார்ப்பவருக்கு போன் செய்தால், பின்னணியில் அலைச்சத்தம் கேட்டது. "பிப்ரவரியில பாத்துக்கலாம்மா" என்றார். அந்த வெக்கையில் விட்டால் எறும்புகள் ஒன்றும் மிஞ்சாது. அவளோ மறுநாள் கடற்கரை ஊரான அத்லாந்திதாவில் இருக்கும் நெல்பா சித்தி வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். கோடை முழுக்க அவளுக்கென்று இருந்த ஒரே லீவு அது. சித்திக்கு போன் போட்டாள்.

"சித்தி, நான் தனியா வரல."

"பையனா? கூட்டிட்டு வாடி! பேர் என்ன?"

"எறும்பு."

"என் வீட்டு வாசப்படி தாண்டக் கூடாது, சொல்லிட்டேன். பின்பக்கச் சுவர் ஓரமா வெச்சுக்கோ."

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனாள் மைதே. சுவர் ஓர நிழலில், தண்ணீர் நிரப்பிய தட்டின் நடுவே அதை நிறுத்தினாள். தண்ணீரைத் தாண்டி எறும்பு வராது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்த வில்சன் சித்தப்பா, "ஒண்ணும் அசையலையே. இதுங்களும் லீவுல இருக்கு போல" என்று சிரித்தார். அதோடு விடவில்லை. பாவம் வெயில் படுமே என்று, இறைச்சி சுட வைத்திருந்த விறகிலிருந்து இலையோடு ஒரு கிளையை எடுத்து, பெட்டிக்கும் சுவருக்கும் குறுக்கே சாத்தி வைத்தார்.

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மூவரும் தூங்கினார்கள். மைதே எழுந்து வந்து பார்த்தபோது கிளை ஒரு பச்சை ஆறாக நகர்ந்துகொண்டிருந்தது. எறும்புகள் கிளையைப் பாலமாக்கிச் சுவர் தாண்டிப் போய், ஆளுக்கொரு இலைத்துண்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. போகும் வழியிலேயே சித்தியின் செம்பருத்தி இருந்தது. அதைச் சீண்டவே இல்லை. எல்லாமே பக்கத்து வீட்டு எவரிஸ்தோவின் வெள்ளை ரோஜா இலைகள். வருஷா வருஷம் ஊர்ப் பரிசு வாங்கும் ரோஜா அது. அந்த வயிற்றெரிச்சலில்தான் சித்தி அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தாள்.

மைதே கிளையை நோக்கி ஓடினாள். கிளையை எடுக்கப் போனவளின் கையைச் சித்தி பிடித்துக்கொண்டாள்.

"விடுடி. ஆராய்ச்சியில போய்க் குறுக்க நிக்கலாமா?"

"சித்தி, அது அவரோட செடி!"

"அறிவியலுக்கு உன் செடி என் செடின்னு உண்டா?" என்றாள் சித்தி. அறிவியலின் மேல் அவளுக்கு அன்றுதான் பற்று பிறந்திருந்தது.

அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது. எவரிஸ்தோ, ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர், மனைவியை இழந்தவர். கையில் மருந்துப் பொடி டப்பா.

"எறும்பைப் பத்திப் படிக்கிற பொண்ணு நீதானே? கொஞ்சம் வந்து பாரும்மா. இந்தப் பொடியை எங்க தூவணும்?"

பொடி தூவினால் அவள் படிப்பே செத்துவிடும். சுவரைச் சுற்றி ஓடினாள். "தூவாதீங்க சார்! இந்த எறும்பு இப்படி வெட்டுறது ரொம்ப அபூர்வம். நான் மாசக்கணக்கா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்." சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

எவரிஸ்தோ டப்பாவை மூடினார். "என் செடியிலயா அபூர்வம்?"

மறுநாள் முழுக்க அவள் கடல் பக்கமே போகவில்லை. அவருடைய தாழ்வாரத்தில் உட்கார்ந்து வெட்டுப்பட்ட இலைகளை எண்ணினாள். அவர் மாத்தே ஊற்றிக் கொடுத்தார். குருவி வந்தால் கைதட்டி விரட்டினார். எறும்பு வரிசையில் வெயில் அடித்தபோது உள்ளே போய் மனைவியின் குடையைக் கொண்டுவந்து பிடித்தார். குடையைப் பார்த்ததும் மைதேயால் தாங்க முடியவில்லை.

"சார், இது என் பெட்டியிலேருந்து வந்த எறும்பு. என் தப்புதான்."

அவர் குடையை அசைக்காமல் யோசித்தார். "காட்டு எறும்பு என் ரோஜாவைத் தேடி வந்துச்சுன்னா அது கௌரவம். உங்க வீட்டு எறும்புன்னா போலீஸ் கேஸ். நான் கௌரவத்தையே வெச்சுக்கிறேன். நீ எண்ணும்மா, விட்டுடாதே."

முடிவுகளைப் பார்த்த பேராசிரியர் இருரேதா மணலிலிருந்தே துள்ளிக் குதித்தார். வாசனையும் காற்றும் சேர்ந்து எறும்பை எப்படி இழுக்கின்றன என்று கட்டுரை எழுதி, தன் பெயரை முதலில் போட்டார். ஆய்வுக்கூடத்துக்குள் இதெல்லாம் நடக்காது, அடுத்த கோடை முழுக்க அத்லாந்திதாவில் அதே தோட்டத்தில்தான் வேலை என்றும் முடிவு செய்தார். "கடற்கரையில வேலை! அதிர்ஷ்டக்காரி நீ" என்றார். மைதே காலாட்டிக்கொண்டு சும்மா கிடக்க இருந்த ஒரே இடமும் அதோடு போனது.

கட்டுரையின் கடைசியில் ஒரு வரி இருந்தது: தம் தோட்டத்தை ஆராய்ச்சிக்குத் தந்துதவிய எவரிஸ்தோ லார்ரோச்சா அவர்களுக்கு நன்றி. அவர் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு, தெருவில் போகிறவர்களுக்கும் தெரியும்படி முன்னறையில் மாட்டினார். பரிசுக் கோப்பைகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

சித்தி மைதேயை போனில் கூப்பிட்டு அரை மணி நேரம் திட்டினாள். "இடம் கொடுத்தது யாரு? கிளை வெச்சது யாரு? அந்த ஆளுக்கு நன்றியாம்!"

"உன் செம்பருத்தியை அதுங்க தொடவே இல்லையே சித்தி. நான் என்ன பண்ணட்டும்?"

போன் பட்டென்று வைக்கப்பட்டது. அடுத்த வாரம் வில்சன் சித்தப்பா குரலைத் தாழ்த்திப் பேசினார். சித்தி செம்பருத்தியை வேரோடு பிடுங்கிவிட்டு, சுவர் நெடுக ரோஜா நட்டுக்கொண்டிருக்கிறாளாம். எறும்புக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டுச் சொல்லச் சொன்னாளாம்.