அதிகாரி பார்க்கும் வரை

1

இந்தக் கதை என் அக்காவுடையது. தொலைபேசியில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது, நாற்றம் தாங்கவில்லை, ஜன்னலைத் திறக்கவே முடியவில்லை என்றாள். வெள்ளம் வடிந்த பிறகும் மக்காச்சோளம் வயலிலேயே கிடந்து அழுகுகிறது. ஏன் உழுதுபோடவில்லை என்று கேட்டேன். அதிகாரி நேரில் பார்த்தால்தான் நிவாரணமாம். படம் எடுத்து அனுப்பினால் செல்லாது. உழுதுவிட்டால் சேதமே இல்லை என்றாகிவிடும்.

எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுது. நாத்தத்தை விட்டுடாத."

2

முதல் தொடக்கம்: "நீர் வடிந்த வயல் அந்தக் காலையில் ஒரு பெரிய"

பெரிய என்ன? தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "அதிகாரி ஒரு சோம்பேறி." விசாரித்தபின் இதையும் அடித்தேன். [வட்டாரம் முழுவதற்கும் அவர் ஒருவர்தான். ஜீப் வெள்ளத்தில் மூழ்கிப் பழுதாகிவிட்டது. பஸ்ஸில் வருகிறார், மீதி தூரம் நடக்கிறார்.] திட்டுவதற்கு ஆளில்லாத கதை. இப்படி எழுதிப் பழக்கமில்லை.

3

அத்தானை நான் நம்பவில்லை. முதல் பிரதியில் அவர், அதிகாரி வரும்வரை உழவிடாத வெறும் பிடிவாதக்காரர். பிறகுதான் மாட்டுக் கொட்டகை நினைவுக்கு வந்தது. வெள்ளத்தில் அது இடிந்ததிலிருந்து மாடுகள் அவர் தம்பி வீட்டில் நிற்கின்றன. தம்பி மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நிவாரணம் வந்தால் கொட்டகையை எழுப்பலாம்.

அக்காவுக்கு மண்ணின் ஈரம்தான் கணக்கு. இப்போதே உழுது பயறு விதைத்தால் முளைக்கும். காய்ந்துவிட்டால் இந்தப் பருவமும் போயிற்று.

"இவ்வளவு நாள் நாறினது வீணாப் போகணுமா?" என்றாராம் அத்தான்.

"அப்ப நாறினதுக்கும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்க."

(இதைச் சொல்லும்போது அக்கா சிரித்தாள். கதையில் அவள் சிரிப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.)

4

டிராக்டர் வந்தது. இன்று உழாவிட்டால் ஆற்றுக்கு அக்கரை போய்விடும். அது திரும்புவதற்குள் மண் காய்ந்துவிடும். அக்கா அதிகாரிக்குப் போன் செய்தாள். நாளை கண்டிப்பாக வருகிறேன் என்றார். போன வாரமும் இதையே சொன்னவர்.

டிராக்டர்காரர் வண்டியை அணைக்கவில்லை.

"அண்ணே, உள்ள இறக்கவா, திருப்பவா?"

5

முடிவு அ. உழுதார்கள். மறுநாள் அதிகாரி சொன்னபடி வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். உழுத மண்ணை வெகுநேரம் பார்த்தார். "ஒரு நாள் பொறுத்திருக்கலாமேம்மா" என்றார்.

முடிவு ஆ. காத்திருந்தார்கள். அவர் தாமதமாக வந்தார், ஆனால் வந்தார். நிவாரணம் கிடைத்தது. மாடுகள் புதுக் கொட்டகைக்குத் திரும்பின. அவற்றுக்குப் போட வயலில் ஒன்றும் இல்லை.

முடிவு இ. உழுதார்கள், அதிகாரியும் பெரிய மனது பண்ணி

இது என் ஆசை. நடக்காது.

6

உண்மையில் என்னதான் செய்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். 

"எதை எழுதினாலும் உனக்குக் கதை ஆயிடும்டா. எங்களுக்கு நடந்தது ஒண்ணுதான்."

அதற்குமேல் அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஆகவே வண்டி வரப்போரம் உறுமிக்கொண்டு நிற்கிறது. அத்தான் அக்காவைப் பார்க்கிறார். அக்கா வயலைப் பார்க்கிறாள். நீங்கள் ஒரு பதில் சொல்லலாம். எது சொன்னாலும் உங்களுக்கு நஷ்டமில்லை, எனக்கும் இல்லை. அதனால்தான் நான் சொல்லவில்லை.