அமிர்தசாமிக்குச் சொல்லிக் கொடுத்தது

கோயிலிலிருந்து வந்த மதலைமுத்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் நடந்தார். பின்னாலேயே மருமகள் லூர்துமேரி தன் புருஷன் அமிர்தசாமியைக் கைப்பிடித்து அழைத்துவந்து சுவரோரம் உட்கார வைத்தாள். நாற்பதை நெருங்கும் ஆள், ஏதோ தப்பு நடந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்து, என்ன தப்பு என்று தெரியாமல், அப்பனையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஊரே பாத்துக்கினு இருக்குது, பூசை நடுவுல எழுந்து போயி சேரிக்காரங்களோட குந்திக்கிறான். இவனுக்கு இனிமே புத்தி வராது" என்றார் மதலைமுத்து.

செஞ்சியில் அவர்கள் கும்பிடப் போகும் கோயிலில் சிலுவையில் தொங்குகிறவர் ஒருவர்தான். கும்பிடுகிறவர்களுக்கு மட்டும் இரண்டு பக்கம். வலப்பக்கம் ஊர்க்காரர்கள், இடப்பக்கம் சேரிக்காரர்கள். இதைச் சாமியாரும் கேட்டதில்லை, சனங்களும் மறந்ததில்லை. அமிர்தசாமி ஒருவன்தான் மறந்தான். அதற்கும் மண்டை உடைய வேண்டியிருந்தது.

போன வருஷம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போன லாரி, கோட்டைக்குப் பக்கத்து வளைவில் குலுங்கியபோது மேலே உட்கார்ந்திருந்தவன் தலைகுப்புற விழுந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தது. வார்த்தைதான் கலைந்துபோயிற்று. தண்ணீர் வேண்டுமென்றால் மாடு என்பான். கொண்டுவந்து கொடுக்காவிட்டால் தட்டை வீசியெறிவான், பிறகு தேம்பித் தேம்பி அழுவான். பேய் பிடித்திருக்கிறது, அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மனிடம் இழுத்துப்போங்கள் என்று சிலுவை கும்பிடும் வேதக்காரர்களே யோசனை சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா வேறு மாதிரி சொல்லியிருந்தாள். காயம் ஆறிவிட்டது, உள்ளே கலைந்ததைத்தான் இனி அடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல அதே நேரத்தில் அதே வார்த்தையைத் தினமும் சொல்லிக் கொடு, திட்டாதே, சிரிக்காதே. பழகிய வேலையைப் பழகிய ஆளோடு சேர்ந்து செய்யவிடு.

பழகிய ஆட்கள் என்று சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருமுறை வந்து பார்த்து, உச்சுக்கொட்டி, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். நாள் தவறாமல் வந்தவன் மூட்டை தூக்கும் யாகப்பன்தான். அன்றைக்கு லாரியில் உடைந்த தலையைத் தன் துண்டால் கட்டி, ஆஸ்பத்திரி வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு போனவனும் அவன்தான். சாயங்காலம் வேலை முடிந்ததும் கொல்லைப்பக்கமாக வருவான். இருவருமாக மல்லாட்டை உரிப்பார்கள், சொத்தையைப் பொறுக்குவார்கள். அமிர்தசாமிக்குக் கோபம் தலைக்கேறினால் கோட்டை அடிவாரம் வரைக்கும் நடத்திக்கொண்டு போய்த் திரும்ப அழைத்து வருவான். தாகமெடுத்தால் தன் சொம்பைக் கொடுப்பான். புருஷன் வாயிலிருந்து தடுமாறாமல் வந்த முதல் வார்த்தை "யாகப்பா" என்பதில் லூர்துமேரிக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

செருப்பைக் கழற்றி மூலையில் எறிந்த மதலைமுத்து முடிவாகச் சொல்லிவிட்டார். குருத்தோலை ஞாயிறு வரைக்கும் பார்ப்பாராம். அன்றைக்கும் இப்படி மானத்தை வாங்கினால் தெற்கே ஒரு கோயிலில் சங்கிலி போட்டு விட்டுவிட்டு வந்துவிடுவாராம். லூர்துமேரி அந்த இடத்தைப் பார்த்திருக்கிறாள். தூணில் கட்டிப்போட்டவர்களின் கணுக்காலில் ஈ மொய்த்ததையும் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் தட்டு, கிணறு, விளக்கு என்ற பாடம் முடிந்ததும் அவள் எழுந்திருக்கவில்லை.

"யாகப்பன் யாரு?"

"நல்லவன்" என்றான் அமிர்தசாமி உடனே.

"நல்லவன்தான். ஆனா சேரி. அவன் கைத் தண்ணி குடிக்கக் கூடாது. கோயில்ல அந்தப் பக்கம் போகக் கூடாது."

அவன் நெற்றியைச் சுருக்கினான். "கை... அழுக்கா?"

"இல்ல."

"சீக்கா?"

"இல்ல."

"அப்புறம் ஏன்?"

அவளுக்கு இதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்ததில்லை. தாய்ப்பாலோடு வந்ததுபோல வந்துவிட்டது. இப்போதுதான் முதல்முறையாக வாயால் சொல்கிறாள், சொன்னது தன் காதிலேயே நாறியது. ஆனாலும் அந்தச் சங்கிலி கண்ணுக்குள்ளேயே நின்றது.

"அப்படித்தான். எங்க, சொல்லு பாக்கலாம்" என்றாள்.

தினமும் சொல்லிக் கொடுத்தாள். அதே நேரம், அதே வார்த்தை. திட்டவில்லை, சிரிக்கவில்லை. டாக்டரம்மா சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. யாகப்பனிடம், வீட்டில் அவருக்குக் காய்ச்சல், குருத்தோலை வரைக்கும் வரவேண்டாம் என்று பொய் சொன்னாள். அவன் பதறிப்போய், மறுநாள் இரண்டு இளநீரைக் கொல்லை வாசலில் வைத்துவிட்டு, கூப்பிடாமலே திரும்பிப் போனான். அதைச் சீவிப் புருஷனுக்குக் கொடுத்தாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். கேட்கப் போகிறவரும் அந்த இரண்டு பக்கத்துக்கு நடுவில்தானே நிற்கிறார் என்று விட்டுவிட்டாள்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. வெயில் ஏற ஏறக் குருத்தோலை ஏந்திச் சுற்றுப்பிரகாரம் போய் வந்து, அமிர்தசாமி வலப்பக்கத்தில் அப்பனுக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்தான். பூசை முடிந்து எல்லாரும் வேப்பமர நிழலுக்கு வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. தூரத்திலிருந்து கவனித்த யாகப்பன் காய்ச்சல் விட்டுவிட்ட சந்தோஷத்தில் ஓடிவந்து, வழக்கம்போலச் சொம்பை நீட்டினான்.

"தண்ணி குடி சின்னவரே. வெயிலு."

அமிர்தசாமி நிமிர்ந்து நின்றான். பாடம் ஒப்பிக்கும் குரலில், ஒரு சொல்கூட மாறாமல் சொன்னான்.

"யாகப்பன். நல்லவன். சேரி. அவன் கைத் தண்ணி குடிக்கக் கூடாது."

விழுந்த நாளிலிருந்து அவன் இவ்வளவு பேச்சைத் தடுமாறாமல் பேசியதில்லை. சரியாகச் சொன்னேனா என்று பெருமையாகப் பெண்டாட்டியைப் பார்த்தான். மரத்தடியில் நின்ற சொந்தக்காரர்கள், புத்தி தெளிந்துவிட்டது, மாதா கைவிடவில்லை என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். மதலைமுத்து மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். வேஷமில்லை, உண்மையாகவே அழுதார். லூர்துமேரிக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

யாகப்பனும் அவளைத்தான் பார்த்தான். யார் சொல்லிக் கொடுத்த பாடம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் கோபமில்லை.

"பேச்சு நல்லா வந்துடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு, சொம்புத் தண்ணீரைக் கீழே ஊற்றப்போனான்.

லூர்துமேரி எட்டி அதை வாங்கினாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. வாய் வைத்து, எல்லாரும் பார்க்க, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

"லூர்து, இன்னா பண்ற நீ? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றார் மதலைமுத்து.

அவள் மாமனார் பக்கம் திரும்பவில்லை. முந்தானையால் சொம்பைத் துடைத்து, இரண்டு கையாலும் யாகப்பனிடம் நீட்டினாள்.

"நாளைக்குச் சாயங்காலம் வாங்கண்ணே. இவருக்கு இன்னும் குணமாவல."