நல்ல தண்ணிக் கிணறு

கிணறு கெட்டுப்போனதை வெளியாளிடம் சொல்லக் கூடாது. ஊர் கூடி வகுத்த கட்டுப்பாடு இல்லை அது. ஆனாலும் உச்சிப்புளிக்குத் தெற்கேயிருந்த அந்தத் தெருவில் அதை மீறியவர் எவருமில்லை. சொன்னால் பெண்ணெடுக்க ஆள் வராது.

மூடிப்போன ரசாயனக் கம்பெனி ஒன்று தெருவுக்குப் பின்னால் கழிவுப் பீப்பாய்களைப் புதைத்துவிட்டுப் போயிருந்தது. அவற்றைத் தோண்டி அகற்ற அரசு திட்டம் போட்டது. பாதிப்பு உண்டென்று மக்கள் சொல்லும் இடத்தில்தான் முதலில் தோண்டுவார்கள். அதிகாரிகள் வந்து கேட்டபோதெல்லாம் தெரு ஒரே குரலில், "எங்களுக்கு ஒண்ணுமில்ல சார்" என்றது.

இன்று சண்முகவள்ளியின் வீட்டில் ஆர்.எஸ்.மங்கலத்துக்காரர்கள் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மகள் முருகேஸ்வரி முழங்கையை மூடும் ரவிக்கையோடு நின்றாள். அந்தத் துணிக்குள் தோல் உரிந்து கிடந்தது. அது விலகிவிடுமோ என்று சண்முகவள்ளி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் தாய் செம்பை வாங்கிக் குடித்தாள். "தண்ணி எளநி மாதிரில இருக்கு!"

கடையில் வாங்கிய கேன் தண்ணீர். பெண் பார்க்கும் நாளில் அந்தத் தெருவின் வழக்கம் அது.

"எல்லாம் நம்ம கெணத்துத் தண்ணிதான் மதினி."

"பூ வைக்கிறதுக்கு முன்னயே மதினியாக்கும்?" அவள் சிரித்தாள்.

வாசலில் ஜீப் நின்றது. அதிகாரி படியருகே வந்தார். "அம்மா, இதுதான் கடைசித் தடவ. இந்தத் தெருவுல பாதிப்பு இல்லைன்னு முடிச்சிரலாமா?"

சண்முகவள்ளி கூடத்திலிருந்த மாப்பிள்ளை வீட்டாரைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு முத்துகிருஷ்ணன் முந்திக்கொண்டார். "முடிச்சிருங்க சார். விசேஷ வீட்டுல வந்து என்ன கேள்வி?"

அப்போது கொல்லையில் கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. மாப்பிள்ளையின் தங்கை, நிறைசூலி, இளநீர் போன்ற தண்ணீர் என்று நம்பித் தானே இறைத்துக்கொண்டிருந்தாள். வாளி மேலே வந்தது. உள்ளங்கையைக் குவித்து அள்ளினாள்.

ஒரு மடக்குதானே என்று நினைத்தாள் சண்முகவள்ளி. நினைத்த மாத்திரத்தில் அவளுக்குத் தன்னைக் கண்டே பயம் வந்தது.

"குடிக்காத தாயி! அது வெஷம்!"

குவிந்த கை விரிந்து நீர் சிதறியது.

"ஏ சம்முவள்ளி, வாய மூடு!" என்றார் முத்துகிருஷ்ணன்.

அவள் மகளைக் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துவந்து, எல்லோரும் பார்க்க ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள்.

"எழுதிக்கங்க சார். எங்க கெணறு கெட்டுப்போச்சு. அடுத்த வீட்டையும் எழுதுங்க. முத்துகிருஷ்ணண்ணன் மருமகளுக்கு ரெண்டு தடவ கரு கலைஞ்சது காத்துக்கறுப்பால இல்ல."