லட்சத்தில் ஒரு பங்கு

இரண்டு பிள்ளைகளாவது இருந்தால்தான் உயர்தரப் பௌதிகவியல் வகுப்பு நடக்கும் என்று அதிபர் சொல்லிவிட்டார். இருந்ததே இரண்டு பேர். அதில் பிரியந்தினி இன்று வவுனியாவுக்குப் போகிறாள், சித்தி வீட்டில் நின்று படிக்க. "போகாதையடி" என்று கேட்கத்தான் தாட்சாயினி காலையிலேயே வந்தாள்.

குசினியில் பிரியந்தினியின் தாய் நாகேஸ்வரி புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவதியில் சுடுதண்ணீர் கூடிப்போய், மா கட்டி கட்டியாகத் திரண்டிருந்தது.

"வந்ததுதான் வந்தாய், இதைக் கொத்து பிள்ளை" என்று அரிசி அளக்கும் தகரச் சுண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். அதன் விளிம்பால் கொத்தினால் கட்டிகள் உதிரும்.

பிரியந்தினி போனை நீட்டினாள். "பௌதிகவியல் கோகுலன் சேர் அனுப்பினவர். பிரபஞ்சத்தின்ரை வரைபடமாம். பாரன், அம்மான்ரை புட்டு மாதிரி."

கறுப்பில் வெள்ளை இழைகள். இழைகள் சந்திக்கும் இடங்களில் நட்சத்திரத் திரள்கள் அப்பிக் கிடந்தன. இடையில் வெறுமை.

"முதல்லை எல்லா இடத்திலையும் பொருள் கிட்டத்தட்ட ஒரே அளவாம். லட்சத்திலை ஒரு பங்கு கூடின இடம் பக்கத்திலை கிடந்ததை இழுத்ததாம். சேரச் சேர இன்னும் இழுவை."

"குறைஞ்ச இடம்?"

"இருந்ததும் போச்சு."

"அது என்னடி பிழை செய்தது?"

"ஒண்டும் செய்யேல்லை விசரி. அதுக்கு வவுனியாவிலை சித்தி இல்லை." சொல்லிச் சிரித்த பிறகுதான் பிரியந்தினிக்கு உறைத்தது. சட்டென்று எழுந்து பையை இழுத்துப் பூட்டினாள்.

போன தவணை இருவருக்கும் ஒரே புள்ளி. தாட்சாயினிக்கு வவுனியாவில் ஒருவரும் இல்லை. அறை எடுத்துத் தங்க வழியுமில்லை. கேட்க வந்ததை விட்டுவிட்டு மாவைக் கொத்தினாள். கட்டியெல்லாம் உதிர்ந்து மா பூப்போல வந்த பிறகும் கொத்திக்கொண்டிருந்தாள்.

வவுனியா போகும் பஸ்ஸில் மிதிபலகை வரை ஆட்கள். அப்படியிருந்தும் பிரியந்தினியையும் பையையும் புட்டுப் பார்சலையும் அது உள்ளே வாங்கிக்கொண்டது.

பாடசாலையில் கோகுலன் சேர் வரவு இடாப்பைத் திறந்து தாட்சாயினியின் பெயரை மட்டும் வாசித்தார். அவருடைய சட்டைப்பையில் மடித்த படிவமொன்று துருத்திக்கொண்டிருந்தது.

"இடமாற்றமோ சேர்?"

"ஓம் பிள்ளை."

"எங்கை?"

"வவுனியாவுக்கு."

அவர் திரும்பிக் கரும்பலகையைத் துடைத்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.