ஜன்னலோரக் குரோட்டன்ஸ்

புது வீட்டுக்கு வந்ததுமே குரோட்டன்ஸ் இலைகளைக் கொட்டத் தொடங்கியது. இடம் மாற்றினால் அந்தச் செடிக்கு ஆகாது என்று தையல்காரிக்குத் தெரியும். வெயில் விழும் ஜன்னலோரமாகத் தொட்டியை நகர்த்தினாள். மேல்மண் காய்ந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றினாள். கொஞ்ச நாளில் துளிர் விட்டது. பச்சைத் துளிர்கள் வெயில் பட்டு மஞ்சளும் சிவப்புமாக மாறின.

இட மாற்றம் அவள் மாமனாருக்கும் ஆகவில்லை. காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மனைவி போன பிறகு நினைவு தப்ப ஆரம்பித்து, இப்போது மகனையே அடையாளம் தெரியவில்லை. மருமகள் எதிரே வந்தால், "எங்கம்மா இறங்கணும்?" என்பார்.

"சமையல்கட்டுல இறக்கி விடுங்க மாமா" என்பாள் அவள்.

ஈரத்துணியைக் கையில் கொடுத்தால் மட்டும் அமைதியாகிவிடுவார். குரோட்டன்ஸ் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு இலையாகத் தூசி துடைப்பார். அந்த நேரத்தில்தான் அவளுக்கு மிஷின் ஓடும்.

அவருக்குச் சர்க்கரை நோய். சாப்பிட்டதையே மறந்துவிடுவார். ஒரு தடவை டப்பாவில் இருந்த சர்க்கரை முழுவதையும் தின்றுவிட்டு மயங்கி விழுந்தார். அன்றிலிருந்து சமையல்கட்டுக்குப் பூட்டு. சாவி அவள் இடுப்பில்.

அன்று மத்தியானம் பள்ளிச் சீருடைகளை அவசரமாகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"பசிக்குதும்மா" என்றார் மாமனார்.

"இப்பத்தானே சாப்பிட்டீங்க மாமா?"

"பசிக்குது."

"சாயங்காலம் தரேன். இலையைத் துடைங்க."

அவர் மறுபடி கேட்கவில்லை. மிஷின் சத்தத்தில் அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏதோ குமட்டும் சத்தம் கேட்டு ஓடியபோது, அவர் வாயிலிருந்து எச்சில் வழிந்துகொண்டிருந்தது. மடியில் பாதி கடித்த இலைகள். ஒடிந்த காம்புகளில் வெள்ளையாகப் பால் கசிந்தது. வாயைக் கழுவிவிட்டாள். எரிச்சல் தாங்காமல் அவள் கையைத் தட்டிவிட்டு அழுதார்.

ஆஸ்பத்திரியில், "உயிருக்கு ஆபத்தில்ல. செடிப்பால் பட்ட புண்ணு ஆறிடும்" என்றார் டாக்டர்.

வாய்ப்புண் ஆறத்தான் செய்தது. ஆனால் அவர் அதற்குள் சாப்பாட்டுக்கே பயந்துவிட்டார். ஸ்பூனைக் கண்டால் உதட்டை இறுக மூடிக்கொண்டார். வற்புறுத்தி ஊட்டிய கஞ்சி புரையேறி நெஞ்சில் சளி கட்டியது. காய்ச்சல் இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தார்.

எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியதும் நாத்தனார் வெடித்தாள். "விஷத்த நடுவீட்டுல வெச்சு வளர்த்திருக்கா! உனக்குக் கண்ணு தெரியலயாடா தம்பி?"

கணவன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினான். தையல்காரி சுவரில் சாய்ந்து நின்றாள்.

நாத்தனார் கிளம்பிப் போன பிறகு அவனிடம் சொன்னாள்: "என்னங்க, அது செடியால இல்ல. பசிக்குதுன்னு கேட்டாரு. நான்தான் குடுக்கல."

அவன் கைகளில் ஒட்டியிருந்த தொட்டி மண்ணைத் தட்டிவிட்டான்.

"அன்னிக்குக் காலையில என்கிட்டயும் கேட்டாரு" என்றான். "வேலைக்கு நேரமாச்சுன்னு கத்திட்டுப் போயிட்டேன். நான் யாருன்னு தெரியாம, 'மன்னிச்சுக்கங்க சார்'னாரு."

அவள் அவன் தோளைத் தொடப் போனாள். அவன் விலகிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அவனே வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அவன் கீழே வைத்த தொட்டியை வாட்ச்மேன் கட்டட வாசலில் நிறுத்திக்கொண்டார். திறந்த வெயிலில் செடி கிடுகிடுவென்று வளர்ந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் அதன் நிறத்தைப் பார்த்து நின்றார்கள். தையல்காரி மட்டும் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் படி வழியாகப் போய்வந்தாள்.