பை வைக்காத கவுன்

எங்கள் மகள் நான்கு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். இருந்தால் இப்போது ஒன்பது. அவள் பிறந்த மாதம் வந்தால் என் வீட்டுக்காரர் தையல் கடை வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவளுக்கு ஒரு கவுன் வெட்டுவார். உயரத்தை அவராகவே கூட்டிக்கொள்வார். வெட்டிக்கொண்டே கதை வேறு விடுவார். காஜா எடுத்துப் பட்டன் கட்டுவது நான் என்பதால் எல்லாவற்றையும் கேட்டுத் தொலைக்க வேண்டும்.

"இந்த வருஷம் வகுப்புலயே அவதான் முதல் மார்க். சாப்பிட்ட தட்டைக்கூட அவளே கழுவி வைக்கிறா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் வீட்டுப் பிள்ளை அது? எங்கள் வாண்டு கடிக்கும், கூசாமல் பொய் சொல்லும். இந்த மனிதர் வருடா வருடம் ஒரு நல்ல பிள்ளையை வளர்த்து என் பிள்ளையை ஓரங்கட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாக அவள் குரலே எனக்கு ஞாபகம் வரவில்லை. பயமாக இருந்தது.

கவுன் என் கைக்கு வந்தது. பக்கத் தையலைத் தடவினேன்.

"பை எங்க?"

"வளர்ந்த பொண்ணுக்கு எதுக்குப் பை?"

"எதுக்கா? திருடுற பட்டனை எங்க போடுவா, உங்க தலையிலயா?" கவுனை மேசையில் வீசினேன். "அந்த முதல் மார்க்காரிய நீங்களே வச்சுக்குங்க. எனக்கு என் திருட்டுக் கழுதைதான் வேணும்."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அவ இருந்த மாதிரியே நினைச்சா தாங்கலம்மா. அதான் வேற மாதிரி வளர்த்துப் பாத்தேன்."

இரண்டு பேரும் அழுதோம். பிறகு அவர் தையலைப் பிரித்துப் பை வைக்க உட்கார்ந்தார்.

"ஆழமா வைங்க. இப்ப கை பெருசாயிருக்கும்."

"இப்ப என்னல்லாம் திருடுவா?"

"பட்டன், சாக்பீஸ், உங்க அளவு டேப்பு."

"பிடிச்சுக் கேட்டா?"

"'நான் இல்ல, அப்பாதான்!'" என்றேன். அந்தக் கீச்சுக் குரல் அப்படியே என் வாயில் வந்தது. அவர் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மறுநாள் கடையில் ஒருவர் தைக்கக் கொடுத்திருந்த சட்டையை வாங்கி விரித்துப் பார்த்தார். "இங்க ஒரு பட்டனைக் காணோமே?"

அது கவுன் பையில் இருந்தது. நான்தான் போட்டேன். பட்டன் டப்பாவில் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"எங்க வாண்டு எடுத்திருப்பா சார்," என்றார் என் வீட்டுக்காரர், தலை நிமிராமல். "ஒன்பது வயசாகுது, சொன்ன பேச்சு கேக்க மாட்டா."

"முதுகுல ரெண்டு வைக்க வேண்டியதுதானே?" என்று சிரித்தார் வந்தவர்.

"எங்க சார் அகப்படுறா," என்றார் அவர்.